பட்டியலில் ஒரு காலி வரி

அவர் உயிரோடதான் இருக்கார், அக்கா.

நான்கே சொற்கள். சிசோபோன் நகரத்தில் காலைக் கஞ்சி குடித்துவிட்டுக் காரில் ஏறியதிலிருந்து தாவ்ரி அவற்றைப் புளிப்பு மிட்டாய் போலக் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தாள். துப்பவும் முடியவில்லை, கரைந்து தொலையவும் இல்லை. முன் இருக்கையில் கோலாப் அக்காவின் பின்னங்கழுத்து தெரிந்தது. நரைத்த முடி நாலைந்து வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. வெள்ளை மேல்சட்டையின் கழுத்துப்பட்டியில் நேற்று விழுந்த மஞ்சள் கறை போகவில்லை. அந்தக் கழுத்தைப் பார்த்துக்கொண்டு அந்த நான்கு சொற்களைச் சொல்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே மழை. சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள் தண்ணீருக்குள் அமிழ்ந்து, பனைமரங்கள் மட்டும் முழங்கால் தண்ணீரில் நிற்கும் ஆட்களைப் போல நின்றன. கோலாப்பின் கணவர் நாரித் அண்ணா கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பழைய கேம்ரி காரை ஓட்டினார்.

"கண்ணாடியத் துடைங்களேன்," என்றாள் கோலாப்.

"துடைப்பான் ஓடிட்டுதானே இருக்கு."

"ஓடுது. துடைக்கல. வீட்டுல நீங்க எனக்கு ஒத்தாசை பண்ற மாதிரி."

நாரித் அண்ணா இடது மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறுகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேற்று முதல் அவருக்கு இது பழக்கமாகிவிட்டது. மொத்தம் ஐந்து கயிறு.

கோலாப், தாவ்ரியின் கணவன் பிசெத்தின் அக்கா. பாட்டம்பாங் சந்தையில் இருவரும் சேர்ந்து காலை நேர நூடுல்ஸ் கடை நடத்துகிறார்கள். தாவ்ரி அரிசி மாவை அச்சில் பிழிந்து கொதிநீரில் விடுவாள். கோலாப் மீன்குழம்பு வைப்பாள். ஒன்பது வருடமாக ஒரே அடுப்பு, ஒரே முக்காலி, ஒரே சண்டை: குழம்பில் எலுமிச்சைப்புல் அதிகமா இல்லையா என்று. பிசெத் தாய்லாந்துக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்ப் பதினொரு வருடம் ஆகிறது. முதல் எட்டு மாதம் பணம் வந்தது. பிறகு பணமும் வரவில்லை, ஆளும் வரவில்லை. படகு கவிழ்ந்தது என்றார்கள். கவிழ்ந்தது வேறு படகு என்றும் சொன்னார்கள்.

இது முன்னோர் திருநாள். பதினைந்து நாள் இறந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து, ஏழு விகாரைகளில் தங்கள் சொந்தக்காரர்கள் கொண்டுவந்த சோறு இருக்கிறதா என்று தேடி அலைகிற காலம். வருடாவருடம் கோலாப் வீட்டார் ஊருக்குள்ளேயே ஏழு விகாரையைச் சுற்றிவிட்டு வந்து படுத்துவிடுவார்கள். இந்த வருடம் கோலாப் வேறு திட்டம் போட்டாள். பழைய ராஜாக்கள் கட்டிய கற்கோயில் எங்கெங்கே இருக்கிறதோ, அதன் பக்கத்து விகாரைக்கு மட்டும்தான் போவது. ஏக் ப்னோம், பானான் என்று ஆரம்பித்து ஏழாவதாக பந்தேய் ச்மார்.

"விடுமுறை மூணு நாள். புண்ணியத்துக்குப் புண்ணியம் ஆச்சு, ஊர் சுத்தினதுக்கு ஊர் சுத்தினதும் ஆச்சு," என்றாள். "எம்பது மைலுக்குள்ள இருக்கிற கோயிலைப் பாக்காம செத்துப் போனா, அடுத்த வருஷம் நானே பசியோட அங்க சுத்திட்டு இருப்பேன்."

ஆறு முடிந்துவிட்டது. ஒவ்வொரு விகாரையிலும் ஒரு தாளில் இறந்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள். பிக்குகள் அவற்றை உரக்கப் படிப்பார்கள். பெயர் கேட்டவர் வந்து சோற்றைப் பெற்றுக்கொள்வார். பிறகு தாளை எரித்துவிடுவார்கள். பெயர் படிக்கப்படாதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இதில்தான் இரண்டாவது விகாரையில் அந்த விபரீதம் நடந்தது.

கோலாப்பின் மூக்குக்கண்ணாடி மழையில் மங்கிவிட்டதால், எழுதும் வேலையை நாரித் அண்ணாவிடம் கொடுத்தாள். அவர் முப்பது வருடம் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர். எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் மேலே பெயர் எழுத வேண்டும் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவர். தாளை வாங்கினார். கை தானாகப் போயிற்று. மேலே தெளிவான எழுத்தில் தன் பெயரை எழுதினார். கீழே மாமனார், மாமியார், பாட்டனார் என்று வரிசையாக மற்றப் பெயர்கள்.

வரிசையாக உட்கார்ந்திருந்த நான்கு பிக்குகளில் மூத்தவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய், கணீரென்று படித்தார்: "ஹெங் நாரித்."

கூப்பிய கையோடு கண்மூடி உட்கார்ந்திருந்த நாரித் அண்ணா, வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதாக நினைத்தாரோ என்னவோ, "இருக்கேன் சாமி," என்றார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கோலாப்பின் முகத்தில் இரத்தமே இல்லை. மூத்த பிக்கு தாளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர் தலையில் ஒரு கிண்ணம் தண்ணீரை ஊற்றி, கையில் கயிறு கட்டினார். "நாங்க கூப்பிட்டா போதுமா, அவங்களும் சேத்துக்கணுமில்ல. போயிட்டு வாங்க," என்றார்.

கோலாப்புக்கு அது போதவில்லை. உயிரோடு இருப்பவன் பெயரைச் செத்தவர்கள் வரிசையில் கூப்பிட்டால் ஆயுசு குறையும், அது அவளுக்கு நெருப்பு சுடும் என்பதைப் போன்ற சங்கதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு விகாரையிலும் முதல் காரியமாகக் கணவனை இழுத்துக்கொண்டு போய்ப் பிக்குவின் முன்னால் உட்கார வைத்தாள். தண்ணீர், கயிறு. தண்ணீர், கயிறு. பானான் மலையின் முந்நூற்றுச் சொச்சம் படிகளில் அவரை ஏறவே விடவில்லை. நேற்று மாலை டயர் பஞ்சரானபோது, "பாத்தீங்களா," என்று அழுதேவிட்டாள். இரவு விடுதியில் அவர் மூச்சு விடுகிறாரா என்று மூன்று தடவை எழுந்து பார்த்தாளாம்.

"மூணாவது தடவை நான் முழிச்சுத்தான் இருந்தேன்," என்றார் நாரித் அண்ணா இப்போது. "பாவம், ஏமாத்தக் கூடாதுன்னு கொஞ்சம் பலமா மூச்சு விட்டேன்."

"பேசாம ஓட்டுங்க. எருமை நிக்குது பாருங்க."

தாவ்ரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் மடியில் இருந்த கோலாப்பின் கைப்பையைப் பார்த்தாள். அதற்குள் பிளாஸ்டிக் உறையில் ஏழாவது தாள் இருந்தது. கோலாப் முந்தாநாளே ஏழு தாளையும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கி, மேலே ஒரு வரியைக் காலியாக விட்டுவைத்திருந்தாள். இரண்டாவது தாள் மட்டும் மழையில் நனைந்ததால், புதிதாக எழுத நாரித் அண்ணா கைக்குப் போனது. மற்ற ஐந்தும் அந்தக் காலி வரியோடேயே படிக்கப்பட்டு எரிந்து போயின.

அந்த வரி பிசெத்துக்கு.

கிளம்புவதற்கு முந்தைய வாரம், பாத்திரம் கழுவும்போது கோலாப் சொன்னாள். "ஏழு இடத்துல ஏதாவது ஒண்ணுல அவன் பேரைச் சொல்லி அனுப்பி வச்சிடுவோம். அப்புறம் சாரெத் வந்து பேசட்டும். அதுக்கு முன்னாடி வேணாம். அவன் பசியோட உன் வாசல்ல நிக்கிறப்போ நீ இன்னொருத்தருக்குச் சோறு போட முடியாது பாரு."

தாவ்ரி சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. கோலாப் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அவளுடைய வழக்கம் அது.

சாரெத், கடைக்கு எதிரே தண்ணீர் பம்பு பழுது பார்க்கிறவர். மனைவி இறந்து ஐந்து வருடம். தினமும் காலையில் வந்து சாப்பிடுவார். அவருக்கு வாழைப்பூ பிடிக்காது. பிடிக்காது என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்கிக் கிண்ணத்தின் விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்துவிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போவார். போன வருடம் ஒருநாள் தாவ்ரி வாழைப்பூ போடாமல் கிண்ணத்தை நீட்டினாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அன்று மத்தியானம் அவர்கள் கடையின் குழாய் ஒழுகல் தானாகச் சரியாகியிருந்தது.

தாவ்ரிக்கு நாற்பத்தொரு வயது. அந்தக் குழாயை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சூடாகும்.

போன மழைக்காலம் வரை அவள் சாரெத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. கல்யாண வீடுகளில் அவளை எங்கே உட்கார வைப்பது என்று யாருக்கும் தெரியாது. மனைவிகளோடா, விதவைகளோடா? அவளுக்கே தெரியாததால், சமையல்கட்டில் போய் நின்றுகொள்வாள். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு பகல் வேளை, கோலாப் மீன் வாங்கப் போயிருந்தாள். தாவ்ரியின் கை முழுக்க மாவு. தெரியாத வெளிநாட்டு எண்.

"தாவ்ரி. நான்தான்."

"எந்த நான்?" என்று கேட்டாள். முதல் எழுத்திலேயே குரல் தெரிந்துவிட்டது. இருந்தும் அப்படித்தான் கேட்டாள்.

பின்னால் ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம் கேட்டது. ஒரு குழந்தை தாய்லாந்து மொழியில் எதையோ கேட்க, அவன் அதே மொழியில் மெல்ல அதட்டினான். அந்த ஒரு அதட்டலில் எல்லாம் விளங்கிவிட்டது. அது மற்றவர் பிள்ளையை அதட்டுகிற குரல் இல்லை.

"அம்மா?" என்று கேட்டான்.

"போயிட்டாங்க. மூணு வருஷமாச்சு."

வெகுநேரம் ஐஸ் உடைவது மட்டும் கேட்டது. பிறகு, "அக்காகிட்ட சொல்லாத. செத்துட்டேன்னே இருக்கட்டும். எந்த மூஞ்சிய வச்சுட்டு வருவேன், சொல்லு," என்றான்.

அவளுக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. அவள் கேட்டது, "சாப்டீங்களா?"

"ம். சாப்பிட்டேன்."

அவ்வளவுதான். அதன் பிறகு அந்த எண்ணுக்கு அழைத்தால் யாரும் எடுப்பதில்லை. மாதக்கணக்கில் தாவ்ரிக்குத் தன்மேல்தான் கோபம். பத்து வருடம் காத்திருந்தது இந்த ஒரு கேள்விக்கா? அவன்மேல் வரவேண்டிய கோபம் ஏன் வரவில்லை என்றும் உள்ளே துழாவிப் பார்த்தாள். அங்கே காலியான இடம்தான் இருந்தது. நாற்காலியை எடுத்துவிட்ட இடத்தில் தரை மட்டும் கொஞ்சம் வெளுத்துத் தெரியுமே, அதைப் போல. அன்று சாயங்காலம் கோலாப், "யாருடி போன்ல?" என்று கேட்டதற்கு, "தப்பான நம்பர்க்கா," என்றாள். அன்றே அவளுக்கு விடுதலை வந்துவிட்டது. யாரிடமும் காட்ட முடியாத விடுதலை.

சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அந்த வருடத் திருநாளில், பிசெத்துக்கென்று தனியாக ஒரு சோற்று உருண்டை பிடித்துக்கொண்டிருந்த கோலாப் சொன்னாள்: "கடல் கொண்டு போயிருந்தா கடலை மன்னிச்சிடுவேன் தாவ்ரி. இடுப்புல தூக்கி வளத்தவ நான். உயிரோட இருந்து எனக்கு ஒரு போன் பண்ணலைன்னா, அதை மட்டும் என்னால தாங்க முடியாது." சோற்றில் எள்ளைத் தூவிக்கொண்டே, விலைவாசி பேசுவதைப் போலத்தான் சொன்னாள். தாவ்ரி எள் டப்பாவை மூடிவைத்தாள். வாயையும்.

காரை அகழியின் கரையில் நிறுத்தியபோது மழை சற்று ஓய்ந்திருந்தது. அகழி நிரம்பித் தாமரை இலைகள் சாலைமட்டத்துக்கு வந்திருந்தன. நாரித் அண்ணா குடையை விரித்தார். கோலாப் அதைப் பிடுங்கி அவர் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டாள்.

"நீங்க நடுவுல நடங்க. மரத்துக்கு அடியில நிக்காதீங்க. கல்லு மேல ஏறாதீங்க."

"அப்ப கோயிலை நான் எங்கிருந்து பாக்கிறது?"

"நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம்."

இருந்தாலும் மூவரும் உள்ளே போனார்கள். நுழைவதற்கு முன் கோலாப் மண்ணில் மூன்று ஊதுபத்திகளைக் குத்தி, இடத்தைக் காக்கும் தெய்வத்திடம் அனுமதி கேட்டாள். தன் கணவர் ஞாபகமறதிக்காரர் என்றும், அவரை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டு அழைத்துப் போய்விட வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவைத்தாள்.

கோயில் பாதி நின்றது, பாதி சரிந்து கிடந்தது. மலைபோல் குவிந்த கற்களின்மேல் பாசி, மழை குடித்துப் பஞ்சாக ஊறியிருந்தது. எங்கே கால் வைத்தாலும் தவளை. கூரை சரிந்த வாசல்களின் வழியாகக் குனிந்து போனால், திடீரென்று தலைக்கு மேலே கோபுரத்தில் ஒரு பெரிய கல்முகம், கண்ணை மூடிக்கொண்டு, உதட்டில் மழைத்துளி வழிய இருந்தது. பக்கத்தில் ஓர் அத்திமரம் சுவரை வேர்களால் கட்டிப்பிடித்திருந்தது. மரம் சுவரைத் தாங்குகிறதா, சுவர் மரத்தைத் தாங்குகிறதா என்று கோலாப் கேட்டாள்.

"புருஷன் பொண்டாட்டி மாதிரி. ரெண்டுல ஒண்ணை எடுத்தா ரெண்டும் விழும்," என்றார் நாரித் அண்ணா.

"இதுல வேர் யாரு?"

"சொன்னா குடையைப் பிடுங்கிடுவ."

மேற்குச் சுவரை அடைய அரைமணி நேரம் ஆயிற்று. கோலாப் இரண்டு தடவை வழுக்கினாள். இரண்டு தடவையும் தாவ்ரி இடுப்பில் கைகொடுத்துத் தாங்கினாள். "எலும்பு கிலும்பு உடைஞ்சா நாளைக்குக் குழம்பு யாரு வைக்கிறது?" என்றாள் தாவ்ரி. "நீ வச்சிடாதடி. எலுமிச்சைப்புல்லாக் கொட்டி வாடிக்கையை விரட்டிடுவ," என்றாள் கோலாப், அவள் தோளில் முழு பாரத்தையும் போட்டுக்கொண்டு.

சுவரில் கருணைத் தெய்வமான லோகேஸ்வரர் நின்றார். தலைக்கு மேலே தலைகள், இரண்டு பக்கமும் விசிறி போல விரிந்த கைகள். கோலாப் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்து, இருபதுக்கு மேல் குழம்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"இத்தனை கை எனக்கு இருந்தா திருநாள் கூட்டத்துல ஒரே ஆளா சமாளிச்சிடுவேன்."

"இத்தனை கை இருந்தா இத்தனை கரண்டி வாங்கணும்," என்றார் நாரித் அண்ணா.

அந்தச் சிற்பத்தை அடுத்துச் சுவர் இல்லை. வரிசையாக நின்ற தெய்வங்களைத் திருடர்கள் கல்கல்லாக அறுத்து லாரியில் ஏற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்ட இடம். இரண்டு பேர் மட்டும் மிச்சம். இடைவெளியில் புல் ஆளுயரம் வளர்ந்து, அதன் நுனிகளில் மழை சொட்டியது. அங்கிருந்து எல்லை ரொம்பத் தூரமில்லை. பிசெத்தும் இந்தப் பக்கமாகத்தான் ஒரு மூட்டையோடு நடந்து போனான்.

"போனவங்கள்ல ரெண்டு பேர் பிடிபட்டுத் திரும்பி வந்துட்டாங்க," என்றார் நாரித் அண்ணா. "தலைநகரத்துல அருங்காட்சியகத்துல இருக்காங்க. பள்ளிக்கூடப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கேன்."

"மத்தவங்க?"

"எங்கேயோ இருப்பாங்க. யாரு வீட்டுக் கூடத்துலயோ."

கோலாப் அந்தக் காலி இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாவ்ரி அவள் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காகப் புல்லைப் பார்த்தாள்.

அப்போது மழை மீண்டும் கொட்டத் தொடங்கியது. மூவரும் கூரை மிச்சமிருந்த ஒரு கல் நடையை நோக்கி ஓடினார்கள். நாரித் அண்ணா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, தலைக்கு மேலிருந்த உத்திரக்கல்லை நிமிர்ந்து பார்த்து, "இது எண்ணூறு வருஷமா விழல. இன்னைக்குன்னு விழணுமா?" என்று அதனிடம் கேட்டுவிட்டு, தைரியம் வராமல் பக்கத்து நடைக்குப் போய்விட்டார். பெண்கள் இருவரும் ஒரு கல்லில் ஒட்டி உட்கார்ந்தார்கள். கோலாப் பையிலிருந்து வாழையிலைச் சுருளை எடுத்தாள். பன்றி இறைச்சியும் பாசிப்பருப்பும் வைத்து அவித்த ஒட்டரிசி. நூலால் அறுத்து, பெரிய துண்டைத் தாவ்ரிக்குக் கொடுத்தாள். எப்போதும் கொழுப்பு இருக்கும் நடுத்துண்டு அவளுக்குத்தான்.

"அஞ்சு இடத்துலயும் எழுதலாம்னு பேனாவை எடுத்தேன்," என்றாள் கோலாப். மழைச் சத்தத்தில் குரல் சின்னதாக இருந்தது. "கை வரல. அவன் பேர்ல முதல் எழுத்து இருக்கே, அதுக்கு ஒரு சுழி. சின்னப் பிள்ளையில அவனுக்கு அது வரவே வராது. நான்தான் கையைப் பிடிச்சு எழுத வச்சேன். அந்தச் சுழி வரைக்கும் போறேன், அதுக்கு மேல போக மாட்டேங்குது."

தாவ்ரி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள்.

"நீ எழுதிடு. பொண்டாட்டி கையால எழுதினா அவனுக்கும் நிம்மதி. கேக்கிறியா?"

"ம்."

"அந்த சாரெத் நல்ல மனுஷன். வாழைப்பூ சாப்பிடாததைத் தவிர ஒரு குறையும் இல்ல."

"உங்களுக்குத் தெரியுமா?"

"ஒன்பது வருஷமா அதே கிண்ணத்தை நான்தானேடி கழுவுறேன்." கோலாப் அவள் முழங்காலில் தட்டினாள். "நீ கல்யாணம் பண்ணிட்டுப் போனா கடையை மூடிடுவேன்னு நெனைக்காத. நீ காலையில வரணும். மாவு பிழியணும். அதுல மாத்தமே இல்ல. ராத்திரிச் சோறு மட்டும் அங்க சாப்பிடு. நான் பொறாமைப்பட மாட்டேன். கொஞ்சமாப் படுவேன்."

தாவ்ரி வாயைத் திறந்தாள். நான்கு சொற்களும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றன. அவர் உயிரோடதான் இருக்கார், அக்கா. சொல்லிவிட்டால் எழுதவும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஆனால் சொல்லி முடித்த மறுகணம் இந்தக் கை, இப்போது முழங்காலில் இருக்கும் இந்த மீன்வாசனைக் கை, எங்கே போய் எதைப் பிடித்துக்கொள்ளும்? அவள் வாயை மூடினாள்.

சரி, எழுதிவிடலாம். ஒரு வரி. யாரோ படிப்பார், யாரோ கொளுத்துவார். சாம்பலுக்கு என்ன தெரியும்? செத்ததாகவே இருக்கட்டும் என்று அவனே சொல்லியிருக்கிறான். சாரெத்தின் வீட்டுத் தின்பண்டத் தட்டுகளோடு பெரியவர்கள் வருவார்கள். மழை விட்டு, வாத்துகள் கத்த, மணப்பந்தல் போடும் மாதம் வரும். கல்யாண வீட்டில் உட்கார அவளுக்கும் ஓர் இடம் இருக்கும். இவ்வளவு காலம் இல்லாத ஆசை இப்போது அவளுக்குள் வெட்கமில்லாமல் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. எழுதிவிடலாம்.

மழை சற்றுத் தணிந்ததும் நாரித் அண்ணா பக்கத்து நடையிலிருந்து வந்தார். முழுக்க நனைந்திருந்தார். அவர் போன இடத்தில்தான் கூரை ஒழுகியதாம்.

விகாரை கோயிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கூடத்தில் பாய்கள் விரித்திருந்தார்கள். ஊர்ப்பெண்கள் பாத்திரங்களைத் திறந்து வைக்க, குழம்பு வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கலந்து வந்தன. வழக்கம்போலக் கோலாப் முதலில் கணவனை இழுத்துக்கொண்டு போய், ஓர் இளம் பிக்குவின் முன் உட்கார வைத்து, நடந்த கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். பிக்குவுக்கு இருபது வயதுகூட இருக்காது. சிரிப்பை அடக்கத் தெரியவில்லை. அவர் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, கோலாப் கைகூப்பிக்கொண்டு உதடுகளை அசைத்தாள். கண்ணில் நீர் வழிந்தது. ஈரத் துண்டால் கணவனின் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ஆறாவது கயிறு கட்டி முடித்ததும், முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"தெரியாமப் பண்ணினதுதான் சாமி," என்றாள். "தெரிஞ்சு யாராவது உயிரோட இருக்கிறவங்களைக் கூப்பிடுவாங்களா? பாவம் இல்லையா?"

தூணோரம் நின்றிருந்த தாவ்ரிக்குக் கையிலிருந்த பை கனத்தது. இந்த மனுஷிக்கு என்றாவது ஒருநாள் தெரிய வரும். எட்டு வருடம் கழித்து, இருபது வருடம் கழித்து, அவனே ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தையில் வந்து நிற்கலாம். அல்லது யாரோ ஊர் திரும்பியவர் வாய்தவறிச் சொல்லலாம். அவன் போன் பண்ணாததை அன்று கோலாப் எப்படியோ தாங்கிவிடுவாள். அழுது, திட்டி, தாங்கிவிடுவாள். ஆனால் உயிரோடிருந்த தம்பியின் பெயரைத் தானே தாளில் இடம் விட்டு, தானே கேட்டு எழுத வைத்து, செத்தவர்களோடு கூப்பிட்டு அனுப்பினோம் என்பதை? அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்திருந்தால்கூட அது தன்னால்தான் என்று நினைப்பாள். யார் கட்டும் கயிறு அதற்குப் போதும்?

தூணில் சாய்ந்து நின்றவள் நிமிர்ந்தாள்.

சடங்கு நடத்தும் ஆச்சார் தாள்களை வாங்கிக்கொண்டு வந்தார். கோலாப் அவசரமாக வந்து பாயில் உட்கார்ந்து, தாவ்ரியையும் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தாள். பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்தாள். அப்பா, அம்மா, பாட்டனார், கீழே இன்னும் மூன்று பெயர். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் காலி வரி.

"இதுதான் கடைசி," என்றாள். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "எழுது தங்கச்சி."

நாரித் அண்ணா எட்டிப் பார்த்தார். "என் பேரை மட்டும் எழுதிடாதம்மா."

யாரும் சிரிக்கவில்லை. தாவ்ரி பேனாவை வாங்கினாள். கோலாப்பின் விரல் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது. கோலாப்பின் கையிலிருந்த மூடியையும் வாங்கி, பேனாவை மூடினாள்.

"நான் எழுதலக்கா."

"ஏன்டி?"

தாவ்ரி தாளின் ஓரத்தை விரலால் நீவினாள்.

"இன்னும் அவன் வருவான்னு காத்துட்டு இருக்கியா?"

"இல்லக்கா. காத்திருக்கல."

"அப்புறம் என்ன? சாரெத் எத்தனை நாள்தான்..."

"சாரெத்கிட்ட சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கிறேன். அதுக்கு இந்தத் தாள் வேணாம்."

கோலாப் அவள் முகத்தைத் தேடினாள். ஒன்பது வருடமாக அடுப்பு வெளிச்சத்தில் பார்த்த முகம்தான், எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த முகம்தான். இன்று ஏதோ ஒன்று இடம் மாறியிருப்பதைப் போலப் பார்த்தாள். ஆச்சார் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். வெளியே ஓட்டிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வரிதானே, தாவ்ரி," என்றாள் கோலாப், கெஞ்சுவதைப் போல. "எனக்காக."

"உங்களுக்காகத்தான்க்கா," என்றாள் தாவ்ரி. பேனாவைக் கோலாப்பின் பைக்குள் வைத்து, பையின் பித்தானைப் போட்டாள். காலி வரியோடு தாளை எடுத்து, இரண்டு கையாலும் ஆச்சாரிடம் கொடுத்தாள்.